மொஸ்கீலில் இருந்து வந்த கிழங்கு

மவுண்ட் வெல்லிங்டன், ஆக்லாந்து
12 மார்ச் 1995

அன்பின் குணவதிக்கு,

நீர் டனீடினுக்குப் போய் இன்றைக்கு ஐந்து கிழமை. ஆறு மாத வேலை என்று சொல்லித்தான் போனீர். ஆஸ்பத்திரிக்காரர் தந்த கடிதத்தில் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது என நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளும்.

நான் சுகம். பெட்டித் தொழிற்சாலையில் வேலை வழமைபோல. சோறு குழையாமல் வடிக்கப் பழகிவிட்டேன். பக்கத்து வீட்டு ராம்சாமி தன் தோட்டத்துப் பயற்றங்காயை வேலிக்கு மேலால் தருகிறார். ஃபிஜித் தமிழில் அவர் சொல்வதில் பாதி எனக்கு விளங்குவதில்லை. பயற்றங்காய் நல்லது.

இப்போது எழுத வந்த விஷயம். 1991 நவம்பரில் குயின் ஸ்ட்ரீட் பூக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நீர் மழையில் நின்றது நினைவிருக்கும். இரண்டு பஸ் போய்விட்டது. “இது ரோசாவோ?” என்று கேட்டீர். கடைக்காரி வெளியே வந்து பியோனி என்று சொன்னாள். வாங்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரும் அந்தக் கடையைத் தாண்டும்போது உமது நடை மெதுவாகும். நான் கவனித்திருக்கிறேன்.

போன வருடம் உமக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பேப்பரில் வந்த கலர் விளம்பரத்தைப் பார்த்து ஐந்து பியோனிக் கிழங்குக்குத் தபாலில் ஓடர் கொடுத்தேன். ஜனவரி வெயிலில் மரத்தூளில் சுற்றி வந்தன. பெயர்ச்சீட்டு இல்லை. மூன்று அழுகல். மற்ற இரண்டையும் நட்டேன். முளைக்கிறதா என்று ஒவ்வொரு சனியும் தோண்டிப் பார்த்தேன். முளைக்கவில்லை. கம்பனிக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் பத்திரிகையில் இருந்து, இரண்டு பேர் சொல்லாமல் ஒரு மரணச் செய்தியும் போடாதவன், ஒரு கலர்ப் படத்தை நம்பினேன்.

பியோனிக்குக் குளிர் வேண்டும். நல்ல வளர்ப்பாளர்கள் எல்லாரும் நீர் இருக்கும் தெற்குப் பக்கம்தான். மூன்று விலாசம் இத்துடன் வைத்திருக்கிறேன். ஓய்வு நாளில் விசாரித்து எழுதும். கிழங்கைத் தாங்களே வளர்க்கிறார்களா, வாங்கி விற்கிறார்களா? ஒரு துண்டில் எத்தனை முளைக் கண்? மூன்றுக்குக் குறைந்தால் வேண்டாம். எந்த மாதம் மண்ணிலிருந்து கிளப்பி அனுப்புவார்கள்? இலை காய்ந்த பிறகு என்று சொல்லாதவரை நம்ப வேண்டாம். சொன்ன நிறம் பூக்காவிட்டால் மாற்றித் தருவார்களா?

இது தோட்டத்துக்காக அல்ல. நீர் திரும்பி வரும்போது பின்வளவில் ஒரு பியோனியாவது நிற்க வேண்டும்.

உமது,
நவரத்தினம்

---

டனீடின்
2 ஏப்ரல் 1995

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வார்டில் எல்லாரும் நல்ல மாதிரி. என் பெயரை முழுசாகச் சொல்லப் பழகியிருக்கிறார்கள்.

முதல் விலாசத்துக்குப் போன் பண்ணினேன். எதைக் கேட்டாலும் ஓம். எந்த நிறமும் இருக்கிறதாம், எந்த மாதமும் அனுப்பலாமாம். “ஆக்லாந்திலை பூக்குமோ?” என்றேன். “நிச்சயமா.” “ஃபிஜியிலை?” என்றேன். “தண்ணி ஊத்தினா அங்கையும் பூக்கும்” என்றார் அந்த மனுசன். போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஆள் பொய் சொல்லவில்லை. தான் வளர்ப்பதில்லை, வாங்கி விற்பதுதான் என்று ஒப்புக்கொண்டார். எத்தனை கண் என்பது பெட்டியைத் திறந்தால்தான் தெரியுமாம். நல்ல மனிதர், ஆனால் கிழங்கு அவருடையது இல்லை.

மூன்றாவது, மொஸ்கீலில் மிஸிஸ் ரீட். வியாழக்கிழமை ஓய்வு. பஸ்ஸில் போனேன். வயலில் இலையெல்லாம் சிவந்து சாய்ந்து கிடந்தது. அவ ஒரு வரிசையை வெட்டி முடித்த பிறகுதான் என்னிடம் வந்தா. உங்கள் கேள்விகளை நான் தொடங்க முதல் அவ தொடங்கிவிட்டா. “எங்கை நடப் போறியள்?”

“ஆக்லாந்து.”

“அப்ப வேண்டாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தவளுக்கு விற்கமாட்டேன் என்கிறாவே. தேத்தண்ணி போட்டுத் தந்து விளக்கினா. ஆக்லாந்தில் மாரிக் குளிர் இல்லை, ஈரம்தான் இருக்கு. அங்கே மூன்று பேருக்குக் கொடுத்தாவாம், ஒருவருக்குத்தான் பூத்ததாம். “இதைக் கேட்ட பிறகும் வேணுமெண்டால் ஒண்டு தாறன். ரெண்டு தரமாட்டன். அது பூத்தால் வந்து ரெண்டாவதைக் கேளுங்கோ” என்றா.

தன் வயல் கிழங்கு, மூன்று கண். மே மாதம் கிளப்பி ஜூனில் அனுப்புவா. வெள்ளைப் பூ, நடு இதழ்களில் சிவப்புத் துளி. வேறு நிறம் பூத்தால் வேறு கிழங்கு தருவாவாம். நாங்கள் மரவள்ளி நடுகிற மாதிரி ஆழமாய்ப் புதைக்கக் கூடாதாம். கண்ணுக்கு மேல் அரை விரல் மண் போதும். உங்கள் சனிக்கிழமைத் தோண்டலையும் சொன்னேன். அவ தலையில் கை வைத்தா. “வாங்க முதல் ஆயிரம் கேள்வி கேக்கலாம். நட்ட பிறகு ஒண்டும் கேக்கப்படாது. ஒருக்காக் கிளறினா ஒரு வருசம் கோவிச்சுக்கொண்டு நிக்கும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஏன் இங்கே வந்தேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. போன வருடம் ஒரே மாதத்தில் ஒன்பது தரம் என் வார்டுக்குப் போன் பண்ணினீர்கள். “உன்ரை மனுசன் திரும்பவும் எடுத்தவர், நீ வேலைக்கு வந்திட்டியோ எண்டு கேக்கிறார்” என்று சிஸ்டர் எல்லாருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தா. பாதுகாப்புக்குத்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். பிறகு ஒரு நாள் கார் பார்க்கில் எங்கள் காரைக் கண்டேன். உள்ளே நீங்கள். நான் சொன்னதற்கு இரண்டாவது சாட்சி தேடிக்கொண்டிருந்தீர்கள்.

மிஸிஸ் ரீட்டின் கிழங்கை வாங்கலாம். அவ நம்பத்தக்கவ. நான் பொறுப்பு.

அன்புடன்,
குணவதி

---

மவுண்ட் வெல்லிங்டன்
19 ஏப்ரல் 1995

அன்பின் குணவதிக்கு,

உமது அறிக்கை முதல்தரம். எந்தப் பத்திரிகையிலும் நீர் நல்ல நிருபராக வந்திருப்பீர். ஃபிஜிக் கேள்வியை ராம்சாமிக்குச் சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நேற்று மிஸிஸ் ரீட்டுடன் போனில் கதைத்தேன். நீர் எழுதியது ஒன்றும் பிசகவில்லை. மூன்று கண், ஜூன் மாதம், அரை விரல் ஆழம், எல்லாம் சரி. நீர் அங்கே போனது வியாழக்கிழமை, பதினொரு மணிபோல, நீல மழைக்கோட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் திரும்பினீர். அதுவும் பொருந்துகிறது. ஆகவே ஓடர் கொடுக்கத் தடையில்லை. உறுதிப்படுத்தியாகிவிட்டது.

வார்டு விஷயத்தைப் பற்றி எழுதியிருந்தீர். அது முடிந்த கதை. இனி அப்படி நடக்காது.

இங்கே மழை. கிழக்குச் சுவர் ஓரம் தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்துப் பாத்தி கட்டியிருக்கிறேன். செப்டெம்பரில் நீர் வரும்போது முளை வெளியே தெரியும்.

உமது,
நவரத்தினம்

---

டனீடின்
30 ஏப்ரல் 1995

அன்புள்ள உங்களுக்கு,

நீல மழைக்கோட்டு சரிதான்.

மிஸிஸ் ரீட் என்னைக் கூப்பிட்டுக் கேட்டா, “உங்கடை அவர் பொலிசிலை வேலையோ?” என்று. கிழங்கைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டீர்களாம். என்னைப் பற்றி ஐந்து. நான் பொறுப்பு என்று எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள். அதிலும், ‘இனி நடக்காது’ என்பதை அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது தெரியவேயில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

செப்டெம்பரில் நான் வரவில்லை. இங்கே நிரந்தர வேலைக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

கிழங்கு ஜூனில் வரும். நான் சொல்லிவிட்டேன். நடுங்கள். அது பூக்கும்வரை எனக்கு எழுத வேண்டாம், போன் எடுக்க வேண்டாம், யாரிடமும் என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம். பூத்தால் எழுதுங்கள், அப்போது கதைப்போம். கிளறினால் பூக்காது. மிஸிஸ் ரீட்டின் கணக்கில் மூன்று வருடமாவது செல்லும். பூக்காமலே போகலாம் என்பதையும் அவ முதலே சொல்லிவிட்டா, நானும் சொல்கிறேன்.

இது தண்டனை இல்லை. உங்களால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். முடிகிறதா என்று நான் வந்து பார்க்கமாட்டேன்.

இருமல் மருந்தை விட வேண்டாம்.

குணவதி

---

டனீடின்
11 ஆகஸ்ட் 1996

அன்புள்ள உங்களுக்கு,

குடியுரிமைப் படிவம் இத்துடன். பென்சிலால் அடையாளம் போட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.

பூவைப் பற்றி நான் கேட்கவில்லை. உங்கள் இருமலைப் பற்றியும் கேட்கவில்லை.

குணவதி

---

மவுண்ட் வெல்லிங்டன்
9 நவம்பர் 1997

அன்பின் குணவதிக்கு,

பூத்துவிட்டது.

இதைத் தனி வரியாக எழுத இரண்டரை வருடம் காத்திருந்தேன். இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.

கிழங்கு 1995 ஜூன் 14ஆம் திகதி வந்தது. ஈரப் பாசியில் சுற்றி, பெயர்ச்சீட்டுடன், மூன்று கண். அரை விரல் ஆழத்தில் நட்டேன். அன்றைக்கே மண்வெட்டியை ராம்சாமியிடம் கொடுத்து, நான் கெஞ்சினாலும் திருப்பித் தர வேண்டாம் என்று சொன்னேன். செப்டெம்பரில் இரண்டு முளைதான் வந்தது. மூன்றாவது எங்கே? வேலியடியில் நின்று, “ராம்சாமி, ஒருக்கால் தாரும்” என்றேன். “நவா, நீதான் குடுக்காதேன்னு சொன்னே. இப்ப நீ பழைய நவாவா, புது நவாவா?” என்று கேட்டார். மூன்றாவது முளை அக்டோபரில் வந்தது. தோண்டியிருந்தால் வந்திராது.

அந்த வருடம் இலை மட்டும். போன வருடம் மிளகளவில் ஒரு மொட்டு வந்து கருகியது. குளிர் போதவில்லை என்று விளங்கியது. இந்த மாரியில் மூன்று மாதமும் வேலைக்குப் போக முதல் ஒரு தட்டு ஐஸ்கட்டியை மண்ணுக்கு மேல் கொட்டினேன். “நவா, அடுத்தது விஸ்கியும் ஊத்துவியா?” என்பார் ராம்சாமி. அவருடைய ஃபிரிட்ஜில் இருந்துதான் பாதி ஐஸ்.

பூ வியாழக்கிழமை விரிந்தது. வெள்ளை. என் கையை விரித்தால் என்ன அகலமோ அது. நடு இதழ்களில் சிவப்புத் துளி, மூன்று இடத்தில். மிஸிஸ் ரீட் சொன்னது சரி. அதை உறுதிப்படுத்த அவவுக்கு நான் போன் பண்ணவில்லை.

ராம்சாமி கமரா கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். படம் வைத்தால் அது சாட்சியாகிவிடும். என் சொல்லை மட்டும் அனுப்புகிறேன். ஒரே ஒருவர் சொன்ன செய்தி இது. என் மேசைக்கு வந்திருந்தால் அந்தக் காலத்தில் நிறுத்தி வைத்திருப்பேன். ராம்சாமியின் போன் நம்பரையும் இதில் எழுதவில்லை.

உம்மைப் பற்றி ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. படிவம் அனுப்பியபோது ஒரு சொல்லும் வைக்கவில்லை, வைத்தால் வாக்கு முறியும். நீர் கேட்காத கேள்விக்கு இப்போது பதில்: இருமல் போய்விட்டது.

அந்த ஒன்பது போன்கால்களையும் பாதுகாப்பு என்று சொன்னேன். பொய். உம்மை நம்புவதற்கு நீர் சொன்னது எனக்குப் போதவில்லை. நீர் ஒரு பிழையும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் நான் உட்கார்ந்திருந்தது எங்கள் இருவருக்கும் அவமானம். அதற்கு நான்தான் பொறுப்பு.

பூ இன்னும் ஒரு கிழமை நிற்கலாம். அதற்காக அவசரப்பட வேண்டாம். நீர் வருவீரா, எப்போது என்று நான் கேட்கவில்லை.

உமது,
நவரத்தினம்

---

டனீடின்
12 நவம்பர் 1997

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. வார்டு உடுப்போடு நின்றே வாசித்தேன்.

போன வருடம் நீங்கள் அனுப்பிய படிவத்தின் உறையை மூன்று தரம் உதறிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. கோபம் வந்தது. பிறகு, இந்த மனுசன் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று விளங்கியது.

மிஸிஸ் ரீட்டுக்குச் சொன்னேன். ஆக்லாந்தில் இது தன்னுடைய இரண்டாவது என்று சந்தோஷப்பட்டா. “படம் இருக்கோ?” என்று கேட்டா. தேவையில்லை, அவர் சொன்னவர் என்றேன். இரண்டாவது கிழங்குக்கு என் பெயரை எழுதியிருக்கிறா. ஜூனில் அனுப்புவா. விலாசம் மவுண்ட் வெல்லிங்டன் என்றுதான் கொடுத்தேன். நடுவதற்கு நான் அங்கே இருப்பேன். இங்கே வேலையை விடுவதற்கான கடிதத்தை நாளைக்குக் கொடுக்கிறேன். வேலை முடிய முதல் மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை வருகிறேன். பூ உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை, பூத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், பூத்ததுதான். எந்தப் பிளேன், எத்தனை மணி என்று எழுதவில்லை. எயார்போர்ட்டுக்குப் போன் எடுத்துக் கேட்கவும் வேண்டாம், அங்கே வந்து நிற்கவும் வேண்டாம். சோற்றை மட்டும் வடித்து வையுங்கள்.

கதவைத் திறந்து வைக்கத் தேவையில்லை. வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது.

குணவதி