ரெக்ஸுக்குக் கொடுத்த கீழாநெல்லி

பிப்ரவரி 3
கல்லூரி ஆய்வகத்தில் இன்று எலிகளை அறுத்துப் பார்த்தோம். ஒரு வாரம் கீழாநெல்லிச் சாறு கொடுத்த பிறகு விஷம் ஏற்றிய எலிகளுக்கு ஈரல் பெரும்பாலும் சிவப்பாகவே இருந்தது. வெறும் விஷம் மட்டும் ஏற்றியவற்றுக்கு மஞ்சள் பாரித்து, தொட்டால் பிய்கிறது. பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு என் வீட்டுக்காரர் ரெக்ஸ் ஞாபகம். ஓசூர் கம்பெனியில் இயந்திர பாகங்களை ரசாயனத் தொட்டியில் முக்கி எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற வேலை அவருக்கு. ஆவியை வெளியே தள்ளுகிற ஃபேன் பொங்கலிலிருந்து ஓடவில்லை. தினமும் தலைவலியோடுதான் வருகிறார். அந்த ஆவியும் ஈரலுக்கு விஷம்தான்.

பிப்ரவரி 6
கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து, ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் குடிக்க வைத்தேன். "நானும் உன் எலிதானா?" என்றார். ஆமாம், பேசாமல் குடியுங்கள் என்றேன்.

பிப்ரவரி 24
சூப்பர்வைசர் கிருஷ்ணப்பன் போன் செய்தார். செக்‌ஷனில் எல்லோருக்கும் வேண்டுமாம், எப்படிச் செய்வது என்று கேட்டார். சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது. ஃபேன் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, பெங்களூரிலிருந்து ஆள் வரவேண்டும் மேடம் என்றார்.

மார்ச் 14
இப்போது கம்பெனியே காலையில் ஆளுக்கொரு டம்ளர் சாறு கொடுக்கிறது. அதைப் போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் வேறு ஒட்டியிருக்கிறார்களாம். வெட்கங்கெட்டவர்கள். ஃபேனைப் பற்றி யாரும் கேட்பதில்லையாம். வேலையை விட்டுவிடுங்கள் என்றேன்.
"அதான் குடிக்கறேன்ல. ஒண்ணும் ஆவாது."
நான் சொல்லிக்கொடுத்த பேச்சுதான்.

மார்ச் 30
கண் மஞ்சள்.

ஏப்ரல் 2
ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. டாக்டரிடம் எலிக் கதையை உளறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எலிக்கு எத்தன தடவ விஷம் குடுத்தீங்க?" என்றார்.
ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.
இவர் அதைத் தினமும் எட்டு மணி நேரம் சுவாசித்தார். இதையே வேலையாக வைத்திருக்கிறேனே — எனக்கு ஏன் தோணல? ஏன் தோணல?

ஏப்ரல் 9
நான் யாரென்று தெரியவில்லை அவருக்கு. அம்மா என்கிறார்.

ஏப்ரல் 11
அடக்கம் முடிந்தது.

மே 5
பொற்கொடி என்று ஒரு பெண் போன் செய்தாள். ரெக்ஸ் இடத்தில் இப்போது அவள் கணவனாம். வீட்டிலும் ஒரு வேளை சாறு கொடுக்கலாமா என்று கேட்டாள். சாறு காப்பாற்றாது, வேலையை விடச் சொல், என் வீட்டுக்காரரே போய்விட்டார் என்றேன். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.
"தப்பா நெனைக்காதீங்கக்கா. அண்ணன் ஒழுங்கா குடிக்கலையாமே. கம்பெனில எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்களாம்."