ஏழாம் முளையில் பூஜ்யம்

ஜூன் 19

காலையிலிருந்து மெர்வ் நடைச் சப்பாத்துக்கு மெழுகு தேய்க்கிறான். நாளை மறுநாள் யாழ்ப்பறவைக் கணக்கெடுப்பு. இங்கே ஜூன்தான் குளிர்காலம்; எங்கள் பறவைச் சங்கம் அப்போது மலைக்குப் போய்ச் செய்வது. விடியுமுன் ஆளுக்கொரு முளைக்குச்சி அருகே நின்று, காதில் விழும் ஒவ்வொரு கூவலையும் எழுத வேண்டும். அடுத்தவர் கேட்டதை எழுதக் கூடாது. ஏழாம் முளை இருபத்திரண்டு வருடமாக என் வீட்டுக்காரன் மெர்வுடையது. கடைசி இரண்டு வருடம் அதில் பூஜ்யம்.

"நரி தின்னுடுச்சு க்ளெனிஸ், எல்லாம் போச்சு" என்று துக்கம் காக்கிறான். அடுப்பில் கெட்டில் கத்திக்கொண்டே இருந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

ஜூன் 20

மலை விடுதி. மழை. வாசல் கால்மிதியை வாம்பட் என்கிற குண்டு விலங்கு ஒன்று இழுத்துப் போட்டுவிட்டு நின்றது. மெர்வ் அதற்கு அரைமணி நேரம் புத்திமதி சொன்னான்.

சங்கத் தலைவி ஜனீன் சாப்பாட்டின்போது சொன்னாள்: "மெர்வ், இந்த வருஷமும் ஏழுல ஒண்ணும் இல்லேன்னா அந்தப் பள்ளத்துல நரியைக் கொல்ல மருந்து வைக்கிறத நிறுத்திடுவோம். ஆள் போதல."

போன வருடம் இவன் சறுக்கி விழுந்ததால், நாளை துணைக்கு நானும் போக வேண்டுமாம். இத்தனை வருடம் விடுதியில் சூப் வைத்தே தப்பித்தவள் நான்.

ஜூன் 21

ஏழு மணிக்கு வெளுத்தது. பள்ளம் முழுக்கக் கச்சேரி. கிளி, குக்குபரா, சாட்டைப் பறவை என்று ஊர்ப் பறவைகளின் குரலையெல்லாம் ஒரு யாழ்ப்பறவை பாவனை செய்து எடுத்துவிட, எதிரே இன்னொன்று பதில் சொன்னது.

மெர்வ் வெற்றுத்தாளோடு நின்றான். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

சொல்லவா? சொன்னால் உடைந்துபோவான். சொல்லாவிட்டால் நரிக்கு விருந்து. பூட்டே இல்லாத என் வாய் இன்றைக்குப் பார்த்துத் திறக்கவில்லை.

அப்போது எதிர்ச்சரிவில் ஓர் ஆண் பறவை மண்மேட்டில் ஏறி, வாலை முன்பக்கம் கவிழ்த்து விரித்தது. மெர்வ் பைனாகுலரை எடுத்தான். அலகு திறந்து மூடுவதை வெகுநேரம் பார்த்தான்.

"அது பாடுதா?"

தலையாட்டினேன்.

"ரொம்ப நேரமாவா?"

அதற்கும் தலையாட்டினேன்.

ஈரக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு தாளில் தன் பெயரை அடித்து, என் பெயரை எழுதிக் கையில் கொடுத்தான்.

"நீ எழுது."

பதினேழு கூவல்.

ஜூன் 22

ஏழாம் பள்ளத்தில் நரி மருந்து தொடரும் என்று ஜனீன் சொன்னாள். திரும்பும் வழியில் நான் மெர்வைச் சீண்டவில்லை. கல்யாணமாகி இப்படி ஒரு நாள் இதுதான் முதல் தடவை.

ஜூலை 30

மெர்வுக்குக் காதுக்கருவி வந்து நாலு நாள். ஃப்ரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடுமா என்று அதனோடு சண்டை.

இன்று ஜனீனுக்குக் கடிதம் எழுதினான். 'ஏழாம் முளையில் நான் போட்ட இரண்டு பூஜ்யங்களையும் அடித்துவிடவும். பறவைகள் இருந்திருக்கும். எனக்குத்தான் கேட்கவில்லை.'

தபாலில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினான். படித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"மூக்க உறிஞ்சாத," என்றான். "எல்லாம் கேக்குது."