மது கூப்பிட்ட நான்கு நாள்

12.3.99, வெள்ளி

மதுவுக்கு வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. குடலில் இருக்கும் கிருமி சாக டாக்டர் சுந்தரராமன் எழுதிக் கொடுத்த மஞ்சள் சிரப் இன்னும் இரண்டு நாளைக்கு இருக்கிறது.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்து, "அம்மா" என்றாள். ஆட்டிசம் என்று சொல்லி மூன்று வருஷம். ஆறு வயதில் இதுதான் முதல் தடவை.

இவர் ஆபீசிலிருந்து வந்ததும் சொன்னேன். "பிரமை. மனசைப் போட்டு ஒழப்பிக்காதே" என்றார்.

19.3.99

நான்கு நாள் கூப்பிட்டாள். சிரப் முடிந்தது, அதுவும் நின்றது. மறுபடி மின்விசிறியையே பார்க்கிறாள். எங்கேடி போனே?

2.4.99

பாஸ்டனிலிருந்து நாத்தனார் கடிதம். இந்தக் குழந்தைகளின் குடலில் இருக்கும் கிருமிகளுக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்குமோ என்று அங்கே சிலர் பேசுகிறார்களாம். அதை எடுத்துக்கொண்டு இருவரும் கோபாலபுரத்தில் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் படித்தார். "நீங்க பார்த்தது நிஜமாவே இருக்கலாம்மா. ஆனா ஆதாரம் இல்லாம அந்த சிரப்பைத் திரும்பத் திரும்பக் குடுத்தா குடலைத்தான் கெடுக்கும்."

இவரும் தலையாட்டினார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். இவர்களை அவள் கூப்பிடவில்லையே!

9.4.99

மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்காமலே அந்த சிரப்பைக் கொடுத்துவிட்டான். அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். இவருக்குத் தெரியாது.

10.4.99

கொடுத்தேன். தப்பா?

13.4.99

பார்த்தாளோ? பார்த்த மாதிரி இருந்தது. இல்லை — என் ஆசை.

16.4.99

நேற்று மத்தியானம் ஒரே வாந்தி. நிற்க முடியாமல் தள்ளாடினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. ஐயோ, நானே என் குழந்தையை...

டாக்டர் வந்து கேட்டதும் சொல்லிவிட்டேன். "அந்த சிரப்தான் டாக்டர். நீங்க எழுதின அளவுதான் குடுத்தேன், மூணு வேளை."

"அந்த அளவுக்கு இப்படி ஆகாதே" என்றார்.

பின்னாலிருந்து இவர் குரல். "நானும் குடுத்துண்டிருந்தேன்."

ஆபீஸ் பையில் ஒரு பாட்டில். காலையில் நான் குளிக்கப் போகும்போதும், ராத்திரி நான் சமையலறையில் இருக்கும்போதும்.

23.4.99

வீட்டுக்கு வந்துவிட்டோம். ரசம் சாதம் ஊட்டினேன். சாப்பிட்டாள், கண் சுவரில்.

இவர் இரண்டு பாட்டிலையும் முற்றத்தில் கொட்டிவிட்டு வந்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"மார்ச் பதினாலு. நீ கபாலி கோவிலுக்குப் போயிருந்தே. பேப்பர் படிச்சிண்டிருந்தேன். வந்து முட்டியைப் பிடிச்சிண்டு 'அப்பா'ன்னா. வெளில சொன்னா போயிடுமோன்னு பயம். உங்கிட்டகூடச் சொல்லலை."

"எப்படிச் சொன்னா? சொல்லிக் காட்டுங்கோ" என்றேன்.

சொல்லிக் காட்டினார்.