வாயசைப்பு

மார்ச் 3

என் வாயாடிக்கு,

நலம்தானே? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? இங்கே நம் நாடகத்தைப் படமாக்கும் வேலை மும்முரம். நீ பன்னிரண்டு வருஷம் மேடையில் நின்ற வேஷத்தில் ஒரு புதுப் பெண் நடிக்கிறாள். பார்க்க லட்சணம், பாடத்தான் வராது. அதனால் நாடக நாட்களில் நான் பதிவுசெய்து வைத்திருந்த உன் ஐந்து பாட்டையும் அவள் வாயசைப்புக்குக் கொடுத்துவிட்டேன், பாப்பா தூங்கும் தாலாட்டு உட்பட. உன்னைக் கேட்கவில்லை. நமக்குள் என்ன கேட்பது! முதல் பாட்டு நேற்று எடுத்தாகிவிட்டது.

உன் ஆர்மோனியப் பெட்டிக்காரன்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் என்ன செத்தா போய்விட்டேன்? சரி, போகட்டும். சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டாம் தேதி துணி மடித்துக்கொண்டே முதல் பாட்டைப் பாட ஆரம்பித்தேன். வார்த்தை வந்தது, மெட்டு வரவில்லை. சுத்தமாகக் காணோம். நேற்று இரண்டாவது பாட்டும் அப்படியே. நேற்று அதைத்தான் எடுத்தீர்களா?

உங்கள் வாயாடி

மார்ச் 18

வாயாடிக்கு,

ஆமாம், பத்தாம் தேதி அதைத்தான் எடுத்தோம். அதற்கென்ன? தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் குடி. ஆனால் ஒன்று. நேற்று நான்காவது பாட்டு முடிந்ததும் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து அதை முழுசாகப் பாடினாள். “எப்பம்மா கத்துக்கிட்டே?” என்றேன். “தெரியல சார், தானா வருது” என்றாள். நீ மூச்சு வாங்கும் இடத்திலேயே மூச்சு வாங்குகிறாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. வெள்ளிக்கிழமை தாலாட்டு.

உன் பெட்டிக்காரன்

மார்ச் 20

அன்புள்ள உங்களுக்கு,

மூன்றும் நான்கும் போய்விட்டன. பேச்சும் கம்மிவிட்டது, போனில் சொல்லலாமென்றால் குரல் எழும்பவில்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “தொண்டை நல்லாத்தானே இருக்கு” என்கிறார். உங்கள் காலில் விழுகிறேன், தாலாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். வேறு யாரையாவது பாட வையுங்கள். அது இல்லாமல் பாப்பா கண் மூடமாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் வாயாடி

மார்ச் 26

என் கண்ணே,

உன் கடிதம் சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமையே எடுத்து முடித்துவிட்டோம். இப்போது அந்தப் பெண் பேசுவதும் உன் குரலில்தான். மதியம் என் முதுகுக்குப் பின்னால் நின்று “சாப்டீங்களா?” என்றாள். நீதான் வந்துவிட்டாய் என்று திரும்பினேன். வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுத்தது நீதானே? ஏன் ஒன்றுமே சொல்லவில்லை? அறிவுகெட்டுப் போய்ச் செய்துவிட்டேன். இரண்டு வரியாவது எழுது.

உன் பெட்டிக்காரன்

ஜூலை 9

அன்புள்ள உங்களுக்கு,

படம் இங்கே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பா தினமும் என்னைத் தியேட்டருக்கு இழுத்துப் போகிறாள். முன் வரிசையில் உட்கார்ந்து, தாலாட்டு வந்ததும் தூங்கிப்போகிறாள். தூக்கிக்கொண்டு வருகிறேன். மூன்று கிலோ எடை இறங்கியிருந்தவள் இப்போதுதான் கன்னம் தேறியிருக்கிறாள். வியாழக்கிழமையோடு தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிடுவார்களாம்.

நேற்று டிக்கெட் கிழிப்பவரிடம் திரையைக் காட்டி, “அதான் எங்கம்மா” என்றாள். என்னைக் காட்டி, “இவங்க என்னைக் கூட்டிட்டு வர்றவங்க” என்றாள். நான் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன்; அவ்வளவுதான்.

நீங்கள் வர வேண்டாம். அந்தப் பெண்ணை அனுப்பிவையுங்கள்.