முப்பதாவது வட்டம்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய உங்களுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் பயந்துவிடுவீர்கள். இருக்கிறேன். தையல் கூடத்துக்குப் போய் வருகிறேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் என்ன பேசுகிறோம்? மீன் தொட்டியில் உப்பு எவ்வளவு என்கிறீர்கள். முப்பத்தைந்து என்கிறேன். பம்ப் ஓடுகிறதா என்கிறீர்கள். ஓடுகிறது என்கிறேன். வைத்துவிடுகிறோம். நம் பெண் போய் ஏழு மாதமாகிறது. ஒரு தடவைகூட நீங்கள் அவளைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானாவது எழுதுகிறேன். வாலு. நம் வாலு.

முதலில் தொட்டிச் செய்தியே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேலே படிக்க மாட்டீர்கள். கோமாளி மீன் இரண்டும் சௌக்கியம். பெரியது உங்களைப் போலவே மூலையில் போய் முறைத்துக்கொண்டு நிற்கிறது. பச்சைப் பவளம் விரல் அகலத்துக்குப் புதிதாகக் கிளைத்திருக்கிறது.

ஆனால் நீங்கள் செய்த நிலா விளக்கு போய்விட்டது. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினீர்களே, அதற்கு அடுத்த மாதமே. உங்களிடம் மறைத்துவிட்டேன். மேலே மூடி இல்லாததால் உப்புத் தண்ணீர் தெறித்து, கம்பி பச்சை பூத்து அற்றுக் கிடந்தது. அவள் இருட்டுக்குப் பயந்தாள் என்றுதானே தொட்டியை அவள் கட்டிலுக்கு எதிரே வைத்து, அந்த நீல விளக்கையும் மாட்டினீர்கள். அது அணைந்த பிறகு, பொழுது சாய்ந்தால் அந்த அறைப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை.

அதனால் புது விளக்கை நானே செய்தேன். சிரிக்காதீர்கள். ரேடியோ ரிப்பேர் கடைக்காரரிடம் மிளகு அளவு நீல பல்பு மூன்று வாங்கினேன். நீளமான கால் பிளஸ் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து மூன்றையும் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டு, எரியவில்லையே என்று அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் திருப்பி வைத்தேன். கரண்ட்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைப் போட மறந்துவிட்டேன். பட்டென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான், மூன்றும் போச்சு. கடைக்காரர், "ஏம்மா, இவ்வளவு கரண்ட்டை நேரா குடுத்தா அது பாவம் எப்படித் தாங்கும்?" என்றார். அவர் பல்பைத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. காசு வாங்காமல் இன்னும் மூன்று கொடுத்தார்.

மூன்றாம் முறை எரிந்தது. ஊசி குத்திப் பழகிய விரலில் இப்போது சூட்டுத் தழும்பும் சேர்ந்தாயிற்று. கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து இரண்டு முனையையும் பசை போட்டு அடைத்திருக்கிறேன், இனி உப்பு உள்ளே போகாது. உங்களுடையதைவிட உறுதி, ஒப்புக்கொள்ளுங்கள்.

அவள் கேட்டபடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் வைத்துவிட்டேன். வானத்து நிலா வளருது, தேயுது, நம்ம நிலா மட்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கு என்று கேட்டாளே. நாளைக்குச் செய்து தருகிறேன் என்றீர்கள். உங்கள் லிஃப்ட் ரிப்பேர் வேலை விடவில்லை, இரண்டு வாரம் நாளைக்கு நாளைக்கு என்றே போனது. அப்புறம் காய்ச்சல், நான்கே நாள். அந்த 'நாளைக்கு'தான் உங்களைத் தின்கிறது என்று எனக்குத் தெரியும். அவளைக் கொண்டுபோனது காய்ச்சல். நீங்கள் இல்லை. அதற்காக உங்களை நான் மனதுக்குள்கூடக் குறை சொன்னதில்லை. என்னை இந்த வீட்டில் தனியாக விட்டுப் போனீர்களே, என் கோபமெல்லாம் அதற்குத்தான்.

இன்னொன்று. உங்கள் சால்டரிங் பெட்டியைத் தேடும்போது தொட்டிக்குப் பின்னால் ஒரு அட்டை கிடைத்தது. வரிசையாக முப்பது வட்டம். எந்த நாளைக்கு எவ்வளவு வெளிச்சம் என்று நீல கிரேயானால் தீட்டி, உங்களுக்காகவே தயார் செய்து வைத்திருக்கிறாள். உங்கள் பெண்ணல்லவா, வேலைக்கு முன்னால் படம் போட்டுவிட்டாள். அதைச் சுவரில் ஒட்டி, தினமும் சாயங்காலம் அதன்படியே திருகுகிறேன். முந்தாநாள் பௌர்ணமி. அறை முழுக்க நீலம். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் கட்டிலில் படுத்துத் தூங்கினேன்.

நேற்றிலிருந்து தேய்கிறது. அமாவாசையன்று முழுதாக அணைக்க வேண்டும். பவளத்துக்கு இருட்டும் வேண்டும் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் அந்த அறையை என் கையால் இருட்டாக்க என்னால் ஆகாது.

அவளும் அந்த முப்பதாவது வட்டத்தைக் கறுப்பாகத்தான் தீட்டியிருக்கிறாள். இந்தப் பயந்தாங்கொள்ளிக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்று குனிந்து பார்த்தேன். கீழே அவளுடைய கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறது: "இன்னிக்கு லைட் வேணாம். அப்பா பக்கத்துல படுத்துக்குவாங்க."

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. விடுப்பு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்று சாயங்காலத்துக்குள் வந்துவிடுங்கள். நான் அந்தத் திருகைத் தொட மாட்டேன்.

வாசலையே பார்த்திருக்கும்,
வாலுவின் அம்மா