முன்சக்கரத்தின் கோணல்

உன் தம்பி எந்த வண்டியைக் கண்டாலும், "அத்தான், ஒரே ஒரு ரவுண்டு!" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிடும் வழக்கமுடையவன். இன்று பகல் வருகிறான். இருவருக்கும் சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது.

கூடத்தில் நான் செய்துவரும், சாய்ந்து படுத்தபடி ஓட்டும் சைக்கிளில் அவனை ஏறவிடாதே. முன்சக்கரத்துக்குக் கம்பி கோத்தவன் நான். கோணலை நிமிர்த்தக் கம்பிகளை இறுக்கினால் சக்கரம் முட்டை வடிவாகிறது. முட்டையை வட்டமாக்கினால் கோணல் திரும்பிவிடுகிறது. பிழை எங்கே என்று எனக்கே விளங்கவில்லை.

"பேசாம கட்டிலுக்கே ரெண்டு சக்கரம் மாட்டிடுங்க" என்று நேற்று நீ சொன்னதற்கு நான் அவ்வளவு கோபித்திருக்க வேண்டியதில்லை.

பின்குறிப்பு: நீ தடுத்தாலும் அவன் கேட்கமாட்டான். ஆகையால், பல்லைக் காட்டப் பல் மருத்துவரிடம் போகும்போது சக்கரத்தையும் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்கிறேன்.