மாஹிர் மச்சான் குரலில் ஒரு போன்

ஜூலை 7, திங்கள்

ஆபீசில் ஆளுக்கொரு மடிக்கிற போன் கொடுத்தார்கள், எங்கள் செயலி அதில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்க. சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டிக் கெலாங் பாத்தா வரும்வரை பஸ்ஸில் அதை மடித்தேன், விரித்தேன், திரும்ப மடித்தேன். இத்தனை வருடம் மென்பொருள் எழுதியும் புதுப் போன் கைக்கு வந்தால் புத்தி கெட்டுத்தான் போகிறது. ஆனால் விரிசல் விழுந்த என் பழைய போனை விட மனமில்லை. இரண்டும் பையில் கிடக்கின்றன, சக்களத்திகள் மாதிரி.

சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் மாஹிர் மச்சானிடம் காட்டினேன். "என்னா இது, ரொட்டி சானாய் மாதிரி மடிக்கிறாங்க!" என்றார். பாதி குரல், பாதி காற்று. மூன்று மாதமாக இப்படித்தான். கேட்டால் ஐஸ் தண்ணீர் மேல் பழி.

ஜூலை 12, சனி

ஒருவழியாக டாக்டரிடம் இழுத்துப் போனேன். குரல்வளையில் சின்னதாக ஒரு சதை. கெட்டது இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கத்திக் கத்தி வந்ததாம். அதை வெட்டி எடுக்க வேண்டும். பிறகு பத்து நாள் ஒரு சொல் பேசக் கூடாது, ஒரு மாதம் கத்தவே கூடாது. குரல் பழையபடி வருமா என்று நான்தான் கேட்டேன். வரும், ஆனால் அதே குரல் என்று சொல்ல முடியாது என்றார்.

மச்சான் எங்கள் காரையே தாண்டி நடந்துபோனார். கடை வாசலில் நின்று உள்ளே ஆர்டர் கூப்பிடுவதுதான் அவருக்கு வேலை, பெருமை, எல்லாம். அந்தக் குரலைக் கேட்டு லாரிக்காரர்கள் வண்டியைத் திருப்புவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித் திரும்பியவள்தான்.

ஜூலை 13, ஞாயிறு

ஆர்டரைத் திரையில் காட்டலாமே என்றேன். பின்கட்டில் தே தாரிக் டீயை ஆற்றி இழுக்கும் சுல்தான் நானா ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணு தண்ணியில இருக்கணும்மா. காதுதான் சும்மா இருக்கு."

சரி, காதுக்கே எழுதுகிறேன். பொத்தானைத் தட்டினால் மச்சானின் குரலில் போன் கூப்பிடும்.

ஜூலை 15, செவ்வாய்

அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒலிப்பதிவு. அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "ஆளே இல்லாத இடத்துல எப்படிக் கூப்பிடறது?" சுல்தான் நானாவை எதிரே நிறுத்தினோம். "தே தாரிக் சத்து, கூராங் மானிஸ்!" என்று இனிப்புக் குறைவாக ஒரு டீக்கு இவர் கூப்பிட, அவர் பழக்கதோஷத்தில் "சியாப்!", ரெடி, என்றார். ஒவ்வொன்றுக்கும் சியாப். அதையெல்லாம் உட்கார்ந்து வெட்டினேன்.

கரகரப்போடுதான் பதிந்தது. இருக்கட்டும். எனக்கு இது போதும்.

ஜூலை 20, ஞாயிறு

இந்த ஏஐ நிரல் கருவியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஒரு வாரம் நான் எழுதுவதை அது தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறது. என்ன பணிவு! நான் தப்பாகச் சொன்னாலும் "அருமையான யோசனை" என்கிறது. இப்படி ஒரு மருமகள் கிடைத்திருந்தால் மாமி என்னைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் பஞ்சிரில் மாட்டிக்கொண்டது. ரொட்டி முங்கக் குழம்பு ஊற்றுவதற்குக் கடையில் பஞ்சிர் என்போம். மலாயில் வெள்ளம். கருவிக்கு வெள்ளம் மட்டும்தான் தெரியும் போல. இன்று சோதித்துப் பார்க்கப் பஞ்சிர் பொத்தானைத் தட்டினால், "உடனே மேடான இடத்துக்குச் செல்லவும்" என்று சிவப்பு எழுத்து. மச்சான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்காதீங்க, வலிக்கும் என்று சொல்லிவிட்டு நானும் சிரித்தேன்.

ஜூலை 23, புதன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் திறந்ததும் பேச வாயெடுத்தார். வாயைப் பொத்திவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

வீட்டில் ஒரே அமைதி. சண்டை போடக்கூட டைப் பண்ண வேண்டியிருக்கிறது அவருக்கு, அதுவும் ஒரே விரலால். எழுதி முடிப்பதற்குள் கோபம் தீர்ந்துவிடுகிறது. முன்பே வாயைக் கட்டியிருக்கலாம்.

என் பழைய போனுக்குக் கடையில் வேலை கிடைத்துவிட்டது. ஒலிபெருக்கி மாட்டி முன்னால் வைத்திருக்கிறோம். முதல் ஆர்டர் போனதும் உள்ளேயிருந்து "சியாப்!" வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

போன் பிரபலமாகிவிட்டது. அதைத் தட்டிப் பார்க்கவே பிள்ளைகள் வருகிறார்கள்.

இன்று ஒரு காரியம் செய்தேன். அந்தப் பதிவுகளைக் கொடுத்தால் அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேச வைக்கும் கருவி இருக்கிறது. "சாப்பிட்டாயா?" என்று கேட்க வைத்தேன். குரல் அவருடையதுதான், பேச்சு செய்தி வாசிப்பவருடையது. என் மச்சான் "என்னா, தின்னியா?" என்பார், அதுவும் பதிலுக்கு நிற்காமல். உடனே அழித்துவிட்டேன். அவர் சொல்லாததை அவர் வாயில் திணிக்க நான் யார்?

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆர்டர் கூப்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அடித்தொண்டையில் கத்தாமல். புதுக் குரல் தாழ்வாக, கொஞ்சம் உடைந்து இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. சொன்னேன். நம்பவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கூப்பிடவே மாட்டேன் என்கிறார். கடையில் ஓர் ஓரமாக நின்று போனைத் தட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அது என்னைவிட நல்லாக் கூப்பிடுது."

அய்யோ, இதுக்காகவா செஞ்சேன்? அவருக்கு ஓய்வு கொடுக்கத்தானே செஞ்சேன்? அவர் இடத்துல அதைக் கொண்டுபோய் நான்தானே வச்சேன்.

ஆகஸ்ட் 30, சனி

கடைக்குப் போய்ப் போனைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். "அப்டேட் போடணும், ரெண்டு மூணு நாளாகும்" என்றேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அப்டேட் என்று சொன்னால் உலகமே கைகட்டி நிற்கிறது. போட ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை, கடை நிரம்பி வழிந்தது. நான் கல்லாவில் உட்கார்ந்தேன். மச்சான் முதலில் ஒவ்வொரு ஆர்டரையும் பின்கட்டுக்கு நடந்துபோய் நானாவின் காதில் சொன்னார். கூட்டம் சேரச் சேர நடக்க வழியில்லை. வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் சில்லறை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"தே தாரிக் சத்து—"

தகரத்தை இழுத்தது போல் வந்து நடுவில் உடைந்தது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து பதில் இல்லை. நானா, கேட்டுச்சா இல்லையா, ஏதாச்சும் சொல்லுங்களேன்!

"அலமாக், பாதியில நிறுத்தினா நான் என்னத்தக் கண்டேன்? இனிப்பா, கூராங் மானிஸா? முழுசாச் சொல்லு லா!"

எப்போதும் ஏசுகிற அதே ஏச்சு. மச்சான் நிமிர்ந்துகொண்டு திரும்பக் கூப்பிட்டார். இந்த முறை முழுதாக. "சியாப்!" வந்தது. அப்புறம் கடை மூடும்வரை அவர்தான்.

காரில் வரும்போது கேட்டார்:

"அப்டேட் எப்ப முடியும்?"

"தெரியல மச்சான். கொஞ்சம் பெருசு."

சிக்னலில் வண்டி நின்றது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"மெதுவாவே பண்ணு" என்றார்.